புதுத் தொலைபேசி: தேவையா, ஆசையா?

அறுவடை முடிந்து, நெல் விற்ற காசு கைக்கு வரும் நாட்களில் கடன்காரரும் வருவார்கள், கடைக்காரரின் விளம்பரமும் வரும். அப்படியான ஒரு நாளில், மீளக்குடியேறிய கிராமம் ஒன்றில் நடந்த மாதர் கூட்டம் முடிந்த பின், ஒரு தாய் எம்மைத் தனியே அழைத்துக் கேட்டார்:

"மகன் புதுப் போன் வேணுமெண்டு நிக்கிறான். இருக்கிற போன் வேலை செய்யுதுதான். ஆனா மத்தியானத்துக்குள்ள சார்ஜ் இறங்கிப்போகுது. வகுப்புப் பாடங்கள் எல்லாம் போனிலதான் வருதாம். என்ரை தோட்டைக் கொண்டுபோய் வைக்கட்டோ எண்டு யோசிக்கிறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அந்தத் தோடு அவர் பல இடப்பெயர்வுகளிலும் கழற்றாமல் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒன்று. ஆகவே உடனே பதில் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. இந்தக் கேள்வி இன்று எமது பல வீடுகளிலும் எழுந்திருப்பதால், அதை நாம் எல்லோருமாகச் சேர்ந்து ஆராய்வோம்.

தொலைபேசி ஆடம்பரமா?

ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, தொடுதிரைத் தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடத்தை இழந்தார்கள். 2018இல் சோளப் பயிரைப் படைப்புழு தாக்கத் தொடங்கிய பின், புழுவின் படத்தை எடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பி ஆலோசனை பெறும் பழக்கம் பலருக்கு வந்தது. வெளிநாட்டில் உள்ள பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் இதனூடாகத்தான். ஆகவே ஒரு வீட்டில் நல்ல தொலைபேசி ஒன்று இருப்பது நியாயமான தேவையே.

ஆனால் எமது கேள்வி வேறு. வேலை செய்யும் ஒன்று கையில் இருக்கும்போது, அதை விட்டுப் புத்தம்புதிதாக வந்ததை வாங்குவது கொடுக்கும் காசுக்குப் பெறுமதியா?

புதியதில் உண்மையில் என்ன புதிது?

ஒவ்வோர் ஆண்டும் பெரிய கம்பனிகள் புதிய வரிசை ஒன்றை வெளியிடுகின்றன. பெயரின் இலக்கம் ஒன்று கூடும். உள்ளே இருப்பது அந்த அளவுக்கு மாறுவதில்லை. ஓர் உதாரணம்: 2022இல் வந்த ஐபோன் 14இல் இருந்த மூளை, அதாவது ஏ15 எனப்படும் செயலி, 2021இல் வந்த ஐபோன் 13 வரிசையில் இருந்த அதே செயலிதான். கமராவும் திரையும் ஆண்டுக்காண்டு சிறிது திருந்துகின்றன. ஆனால் இலையில் உள்ள புள்ளியைப் படமெடுக்கவும், வட்ஸ்அப்பில் பேசவும், வங்கிக் கணக்கைப் பார்க்கவும் சில ஆண்டுகளுக்கு முன் வந்த நடுத்தர விலைத் தொலைபேசியே தாராளம்.

சில முக்கிய சேவைகளுக்குத் தொடுதிரையே தேவையில்லை. விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990. இம்மூன்றையும் பொத்தான் தொலைபேசியிலிருந்தே அழைக்கலாம். வெள்ள நாட்களில் மின்சாரம் நின்றுவிட்டால், பல நாள் சார்ஜ் நிற்கும் அந்தச் சிறு தொலைபேசிதான் கைகொடுக்கும். பழைய பொத்தான் தொலைபேசி வீட்டில் இருந்தால் வீசிவிடாதீர்கள்.

போன் கிழடாகவில்லை, பற்றரிதான் கிழடு

"பழையது மெதுவாகிவிட்டது, சார்ஜ் நிற்பதில்லை" என்பதே புதியது வாங்கப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். இதில் குற்றம் பெரும்பாலும் பற்றரியுடையது. லிதியம் பற்றரி ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் சிறிது தேய்கிறது. ஐபோன் 14 வரையிலான தொலைபேசிகளின் பற்றரி, 500 முழுச் சார்ஜ்களுக்குப் பின் தன் கொள்ளளவில் 80 வீதத்தை வைத்திருக்கும்படி அமைக்கப்பட்டது என அப்பிள் கம்பனியே கூறுகிறது. நாளுக்கு ஒரு சார்ஜ் என்றால் அது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.

2017 டிசெம்பரில் இந்த விடயம் உலகெங்கும் பேசப்பட்டது. பற்றரி தேய்ந்த பழைய ஐபோன்கள் திடீரென நின்றுவிடாதிருக்க, அவற்றின் வேகத்தைத் தானே குறைத்ததாக அப்பிள் ஒப்புக்கொண்டது. மக்கள் கோபப்பட்டார்கள். 2018இல் பற்றரி மாற்றும் கட்டணம் 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைக்கப்பட்டது. பற்றரியை மாற்றியவர்களின் தொலைபேசி மீண்டும் வேகமாக ஓடியது. 2019 ஜனவரியில் அக்கம்பனியின் தலைவர் ரிம் குக் முதலீட்டாளருக்கு எழுதிய கடிதத்தில், புதிய ஐபோன் வாங்குவோர் குறைந்ததற்கான காரணங்களில் ஒன்றாக இந்த மலிவான பற்றரி மாற்றத்தையும் குறிப்பிட்டார். விற்பவரே சொன்ன சாட்சியம் இது: பற்றரியை மாற்றினால் பலருக்குப் புதுப் போன் தேவைப்படாது.

பற்றரியின் பெரிய எதிரி சூடு. 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் பாவிப்பது நல்லதல்ல என்பது கம்பனிகளின் அறிவுரை. தகரக் கூரைக்குக் கீழே நண்பகலில் சார்ஜ் போடுவதையும், உழவு இயந்திரத்தின் முன்னால் வெயிலில் வைப்பதையும் தவிருங்கள். பற்றரி வீங்கிவிட்டால் அதை அமுக்கவோ குத்தவோ கூடாது. தீப்பிடிக்கலாம். உடனே பாவனையை நிறுத்தித் திருத்துநரிடம் கொடுங்கள்.

"இடமில்லை" என்று காட்டினால் முதலில் வட்ஸ்அப்பில் வந்து குவிந்திருக்கும் வீடியோக்களை அழித்துப் பாருங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நெல்லில் ஒரு கணக்கு

ரூபாவில் பார்த்தால் விலை சிலவேளை மனதில் படாது. நெல்லில் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபா. அந்த விலையை வைத்துக் கணக்கிடுவோம்.

புதுத் தொலைபேசியின் விலை 150,000 ரூபா என வைத்துக்கொள்வோம். அது 1,250 கிலோ நெல், ஏறக்குறைய 60 புசல். 50,000 ரூபாத் தொலைபேசி என்றால் 417 கிலோ. பற்றரி மாற்ற 8,000 ரூபா கேட்டாலும் அது 67 கிலோ நெல்தான். இதிலே உழவுக் கூலி, உரம், மருந்து, வெட்டுக் கூலி எதையும் நாம் கழிக்கவில்லை. கழித்துப் பார்த்தால் அந்த 60 புசலை மிச்சம் பிடிக்க எத்தனை ஏக்கர் விதைக்க வேண்டும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

"தவணைக்குத் தருகிறோம்" என்பார்கள். அதே தொலைபேசிக்கு மாதம் 7,500 ரூபா வீதம் 24 மாதம் என்றால் மொத்தம் 180,000 ரூபா. மேலதிகமாகப் போவது 30,000 ரூபா, அதாவது 250 கிலோ நெல். இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. சம்பளக்காரருக்கு மாதாமாதம் காசு வரும். எமக்கோ காலபோகத்துக்கு ஒருமுறை, நீர் இருந்தால் சிறுபோகத்துக்கு ஒருமுறை. தவணை மழையைப் பார்ப்பதில்லை, வெள்ளத்தையும் பார்ப்பதில்லை. விதைப்புக் காலத்தில் தவணை கட்டவென மீண்டும் கடன் வாங்கி, அக்கடனுக்கு விதைநெல்லை விற்ற குடும்பங்களை நாம் அறிவோம்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

சில வேளைகளில் புதியது வாங்குவதே புத்தி. அவை:

1. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று, வங்கிச் செயலி அந்தத் தொலைபேசியில் வேலை செய்யாதபோது.

2. அவசியமான செயலி நின்றுவிடும்போது. 2023 ஒக்டோபரில் அன்ரொயிட் 5.0இற்குக் குறைந்த தொலைபேசிகளிலும், 2025 மே மாதத்தில் ஐஓஎஸ் 15.1இற்குக் குறைந்த ஐபோன்களிலும் வட்ஸ்அப் நிறுத்தப்பட்டது.

3. திருத்தும் செலவு, அதேபோன்ற தொலைபேசி ஒன்றின் விலையில் பாதிக்கு மேல் போகும்போது.

அப்போதும் அந்த ஆண்டில் வந்ததைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. கடையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இந்த மாதிரி எந்த ஆண்டு வெளிவந்தது? எத்தனை ஆண்டுக்குப் புதுப்பிப்பு உண்டு?" 2023இல் கூகிள் பிக்சல் 8இற்கும், 2024இல் சம்சுங் கலக்ஸி எஸ்24இற்கும் ஏழு ஆண்டுகள் என வாக்குறுதி தரப்பட்டது. மலிவான மாதிரிகளுக்கு இது பெரும்பாலும் குறைவு. அந்த ஆண்டுகள் எண்ணப்படுவது மாதிரி வெளிவந்த காலத்திலிருந்து, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

புதியதோ பழையதோ, காசு கொடுக்கும் முன் *#06# என அழுத்துங்கள். 15 இலக்கங்கள் தோன்றும். ஐ.எம்.ஈ.ஐ என ஆங்கில எழுத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என அறியலாம். 2025 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவில்லாத புதிய தொலைபேசிகளை உள்ளூர் வலையமைப்புகளில் இணைக்க முடியாது என ஆணைக்குழு அறிவித்தது. மலிவு என்று வாங்கிப் பின் கையைப் பிசைய வேண்டாம்.

மாற்றினாலும் இலக்கத்தை மாற்றாதீர்கள்

இடம்பெயர்ந்தவருக்குத் தொலைபேசி இலக்கமே நிலையான முகவரி. ஊர் மாறியிருக்கலாம், வீட்டு இலக்கம் இல்லாமலே இருக்கலாம். ஆனால் தேடும் உறவு அந்தப் பழைய இலக்கத்துக்குத்தான் எடுக்கும். அதே சிம் அட்டையைப் புதியதில் போடுங்கள். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, இறந்தவர்களின் படங்கள் எல்லாவற்றையும் பிரதி எடுத்த பின்னரே பழையதை அழித்து விற்கவேண்டும். முக்கிய பத்திரங்களைக் கடதாசியிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது

"முதலில் பற்றரியை மாற்றிப் பாருங்கள் அம்மா. ஆறு மாதம் ஓடட்டும். ஓடாவிட்டால் அடுத்த அறுவடைக்குப் பிறகு பேசுவோம்" என்றோம். மகனையும் அழைத்து, நெல்லில் போட்ட இதே கணக்கைக் காட்டினோம். அவன் கோபிக்கவில்லை. "வகுப்பில எல்லாரும் என்ரை போனைப் பார்த்துச் சிரிக்கிறாங்கள்" என்று மட்டும் மெல்லச் சொன்னான். அந்த வலியும் உண்மையானது, அதை நாம் ஏளனம் செய்யக்கூடாது. ஆனால் அந்த வலிக்கு அம்மாவின் தோட்டை அடகு வைக்க வேண்டுமா என்று அவனிடமே கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இரண்டு வாரங்களின் பின் அவன் பட்டணத்துக்குப் போய்ப் பற்றரியை மாற்றிக்கொண்டு வந்தான். இப்போது இரவு வரை சார்ஜ் நிற்கிறதாம். தோடு தாயின் காதில் இருக்கிறது.

ஆகவே வாசகர்களே, வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாமல், அவர்களையும் பக்கத்தில் இருத்தி, ஒரு கொப்பியில் கணக்கை எழுதுங்கள். வரவை அறிந்து செலவு செய்பவருக்கு அடுத்த விதைப்புக்கு விதைநெல் மிஞ்சும்.