ஓலையில் தங்கிய குரல்

மாத்தளையிலிருந்து யாழ்ப்பாண வீதியில் வடக்கே சென்றால் சில நிமிடங்களில் அலுவிகாரை வந்துவிடும். அதுவரை பிக்குகள் வாய்வழியே காத்துவந்த பௌத்தத் திருநூலான திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், இங்குள்ள பாறைக் குகைகளில்தான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. பஞ்சமும் போரும் மனனம் செய்தவர்களைக் கொண்டுபோனால் நூலும் அவர்களோடு போய்விடும் என்ற அச்சமே காரணம். இன்றும் விகாரையில் ஏடு எழுதிக் காட்டுகிறார்கள். எழுத்தாணி கீறும்போது எழுத்து அவ்வளவாகத் தெரியாது. கரி கலந்த எண்ணெயைப் பூசித் துடைத்ததும் கீறலுக்குள் மட்டும் கறுப்பு தங்கி, வரி எழுந்து நிற்கும். இசைத்தட்டும் கீறலில் தங்கிய குரல்தான். பழைய பாடல்களின் மறுபதிப்பைப் பழம்நினைவு வியாபாரம் என்று ஒதுக்குபவர்கள், அது படி எடுக்கும் வேலை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

1942இல் கொழும்பில் பிறந்த யோலண்ட் பவனை எடுத்துக்கொள்வோம். 'லாம்பர்ட், ஹென்ட்ரிக்ஸ் அண்ட் ராஸ்' என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஜாஸ் குழுவிலிருந்து 1962இல் ஆனி ராஸ் விலகியபோது, அந்த இடத்துக்கு வந்தவர் இவர். அப்போது வயது ஏறத்தாழ இருபது. குழுவின் பெயரே அவர் பெயரோடு மாறியது. அவர்கள் பாடியது 'வோக்கலீஸ்': ட்ரம்பெட்டோ சாக்ஸபோனோ மனோதர்மமாக வாசித்த வரிசையை அப்படியே எடுத்து, ஒவ்வொரு சுரத்துக்கும் சொல் பொருத்திப் பாடுவது. சிட்டைஸ்வரத்துக்குச் சாகித்தியம் அமைப்பதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். வேகம் மட்டும் மூச்சுவிட இடம் தராது. பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட், நியூபோர்ட் விழா, வில்லேஜ் கேட் ஆகிய மேடைகளில் பதிவான மூன்று இசைத்தட்டுகள் வந்தன. 1964இல் குழு கலைந்தது. அந்த இளம்குரலைப் பின்னாளில் குறுந்தட்டு மறுபதிப்புகளே நம்மிடம் கொண்டுவந்தன.

அவர் மாற்றாக வந்தவர்தானே, மூலக்குழுவைக் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். ராஸின் இடம் பெரிது, மறுக்க முடியாது. ஆனால் அந்த மூவருக்குப் பெயர் தேடித்தந்த 1957ஆம் ஆண்டு முதல் தட்டு, ஒலிப்பதிவுக்கூடத்தில் குரல்மேல் குரல் அடுக்கிச் செய்தது. பவன் பாடிய மூன்றும் மேடைப்பதிவுகள். நியூபோர்ட்டில் கிளார்க் டெரியும் கோல்மன் ஹாக்கின்ஸும் உடன் வாசிக்க, ரசிகர்கள் முன்னே அந்தக் கடும் வரிசைகளைப் பாடி நின்றார் கொழும்புப் பெண். அதற்குச் சான்று இந்தத் தட்டு.

இன்னொரு வாதம் கனமானது: நிறுவனங்கள் இலாபத்துக்காக வெளியிடுகின்றன, இரைச்சலை நீக்குகிறோம் என்று ஒலியையே மாற்றுகின்றன. உண்மைதான். படி எடுப்பவர் கை எப்போதும் ஏட்டில் கலக்கிறது, அதனால்தான் உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தார். மறுபதிப்பும் எந்த நாடாவிலிருந்து எடுத்தது, எந்த இரவு, உடன் வாசித்தவர் யார், எதை மாற்றினோம் என்று அச்சிட வேண்டும். இதைக் கேட்டு வாங்குவது ரசிகரின் உரிமை. ஆனால் பிழைக்கு அஞ்சிப் படியே எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் ஒடுக்கியபோது அலுவிகாரையின் ஏட்டுக் களஞ்சியம் அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, வேறு இடங்களில் படிகள் இருந்தன. 2008இல் ஹொலிவூட்டின் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீ ஏராளமான மூல ஒலிநாடாக்களைத் தின்றது. வேறு படி இல்லாத பாட்டு அதோடு முடிந்தது.

பவனின் மூன்று தட்டுகளும் அமெரிக்க மேடையிலிருந்தே தொடங்குகின்றன. அதற்கு முந்தைய கொழும்புக் குரலை இலங்கை வானொலியின் அலமாரிகளிலும், பழைய வீடுகளில் தூசு படிந்து கிடக்கும் ஒலிநாடாப் பெட்டிகளிலும் தேட வேண்டும். நாடா உதிர்வதற்குள் தேட வேண்டும்.