தலையணைக்கு அடியில் ஒரு மோட்டார்

ஆறு மணிக்கு அலாரம் வெச்சு, அஞ்சு தடவை ஸ்னூஸ் தட்டிட்டு, பல்லு விளக்கியும் விளக்காமலும் லேபுக்கு ஓடுற ஆளா நீங்க? அந்த அலாரம் அடிக்கிறதே உங்க காதுல விழாதுன்னா என்ன பண்ணுவீங்க?

எங்க ஹாஸ்டல்ல ஒரு ஜூனியர் இருக்கான். பகல்ல காதுக் கருவி போட்டிருப்பான். பக்கத்துல நின்னு பேசினா புரிஞ்சுக்குவான். ராத்திரி அதைக் கழற்றி டப்பாவில் வெச்சுட்டா எதுவும் கேட்காது. ஃபோனை வைப்ரேட்ல போட்டுத் தலையணைக்கு அடியில் வெப்பான். பாதி நாள் அது நழுவிக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். அதனால பரீட்சை நாள்ல, "அண்ணா, அஞ்சு மணிக்கு எழுப்பி விடுங்க"ன்னு என்கிட்ட சொல்லிட்டுப் படுப்பான். ஒரு நாள் நானே தூங்கிட்டேன். அவன் அரை மணி நேரம் லேட்டா ஹாலுக்குப் போனான். என்னை ஒரு வார்த்தை திட்டல. ஆனா அடுத்த பரீட்சைக்கு முந்தின ராத்திரி முழுக்க அவன் படுக்கவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

இவங்களுக்குன்னே கடிகாரம் இருக்கு. பார்க்க சாதாரண டிஜிட்டல் கடிகாரம்தான். பின்னாடி ஒரு வயர், அதன் முனையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்ட டப்பா. பேரு பெட் ஷேக்கர். மெத்தைக்கு அடியில் வெச்சா, நேரம் வந்ததும் ஆளை உலுக்கிடும். சோனிக் அலர்ட் கம்பெனியோட 'சோனிக் பாம்' இதில் பிரபலமான மாடல்.

உள்ளே இருக்கிறது ஒரு சின்ன மோட்டார், அதன் தண்டில் ஒரு பக்கமா மட்டும் ஒரு எடை. டைனமிக்ஸ் பேப்பர்ல அன்பேலன்ஸை எப்படி ஒழிக்கிறதுன்னு ஒரு யூனிட் முழுக்கப் படிச்சோமே, இங்கே அதையே வேணும்னு உண்டாக்குறாங்க. எடை, அது மையத்திலிருந்து தள்ளியிருக்கும் தூரம், சுழலும் வேகத்தின் வர்க்கம், இந்த மூணையும் பெருக்கினா வருவதுதான் உலுக்கும் விசை. வேகம் இரண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. ஃபோன் மோட்டார்ல இருக்கிற எடை துக்கடா. தென்னை நார் மெத்தை அதை அப்படியே முழுங்கிடும். இன்னொண்ணு, அதிர்வு ஒரே சீரா இருந்தா தோல் பழகிடும். கட்டின வாட்சைக் கொஞ்ச நேரத்தில் மறந்துடுறோம் இல்லையா, அது மாதிரி. அதனால விட்டு விட்டு அதிரணும்.

லைட் போட்டா போதாதான்னு கேட்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரதி புரூக், இயன் தாமஸ் இருவரும் காது மந்தமானவங்களைத் தூங்க வெச்சுச் சோதிச்சு 2007ல் அறிக்கை கொடுத்தாங்க. பளிச் பளிச்னு வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கு எழுப்பினது 27 சதவீதம் பேரை மட்டும். 520 ஹெர்ட்ஸ் அடித்தொண்டைச் சத்தமோ 75 டெசிபெல்லிலேயே 92 சதவீதம் பேரை எழுப்பிடுச்சு. வழக்கமான புகை அலாரம் கத்துறது 3,100 ஹெர்ட்ஸ் பக்கம். பலருக்குக் காது முதலில் கைவிடுறதே அந்த உச்சஸ்தாயியைத்தான். தூங்கும் அறைகளில் தீ அலாரம் 520 ஹெர்ட்ஸில் ஒலிக்கணும்னு இப்போ அமெரிக்கத் தீ பாதுகாப்பு விதியே இருக்கு. சுத்தமா கேட்காதவங்களுக்கு அதுவும் உதவாது. புகை அலாரத்தோட இணைச்ச ஷேக்கர்தான் வழி. பரீட்சைக்கு லேட்டா போகலாம், தீக்கு லேட்டா எழுந்திரிக்க முடியாது.

ஜப்பான்காரங்க இன்னும் ஒரு படி மேலே போய், வசாபி நெடியைக் காற்றில் தெளிச்சு எழுப்பும் தீ அலாரமே செஞ்சுட்டாங்க. 2011ல் இக் நோபல் பரிசு வாங்கின கண்டுபிடிப்பு அது. நம்ம ஊர்ல மிளகாய் வறுத்தா மொத்தத் தெருவும் எழுந்துக்கும், அது வேற கதை.

கடையில் வாங்குற ஷேக்கர் எங்க பட்ஜெட்டுக்கு இடிச்சது. உடைஞ்சுபோன கேம் கன்ட்ரோலரைப் பிரிச்சோம். அதுக்குள்ளேயே ஒருபக்க எடையோட ரெண்டு மோட்டார் இருக்கும். கூட ஒரு ஆர்டுயினோ, கரண்ட் போனாலும் நேரம் மறக்காத ஆர்டிசி மாட்யூல், ஒரு பேட்டரி. எல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள்ள. முதல் தடவை அதை இரும்புக் கட்டில் பலகை மேலேயே வெச்சுட்டோம். அஞ்சு மணிக்குக் கட்டில் தகர ஷெட் மாதிரி தடதடத்து, காது நல்லா கேட்கிற மூணு ரூம்மேட்டும் அலறி எழுந்தாங்க. அவனும்தான் எழுந்தான். இப்போ டப்பாவைத் தலையணை உறைக்குள்ள வெச்சுத் தெச்சிருக்கோம். போன பரீட்சைக்கு என்னை எழுப்பி விட்டதே அவன்தான்.