தனுஷ்கோடி எத்தனை வண்டி தாங்கும்?

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் பந்தல்குடி, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து ராமேசுவரம் போவது வழக்கம். முன்பெல்லாம் அக்னி தீர்த்தத்தில் முழுகி, சாமி கும்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். இப்போது தனுஷ்கோடியின் அரிச்சல்முனையைப் பார்க்காமல் வேன் திரும்புவதில்லை. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து முனை வரை 9.5 கி.மீ. சாலை 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டதுதான் காரணம். அதுவரை ஈரமணலில் குலுங்கிக்கொண்டு ஜீப்பில்தான் போக வேண்டும். 2022 டிசம்பரில் நின்றுபோன ராமேசுவரம் தீவு ரயிலும், 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலம் திறந்ததும் திரும்பிவிட்டது. கூட்டம் இனி ஏறுமே தவிர இறங்காது.

நம் பகுதிக்குத் தனுஷ்கோடி அந்நிய ஊரல்ல. 1985இல் விருதுநகர் தனி மாவட்டமாகும் வரை அருப்புக்கோட்டையும் தனுஷ்கோடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு சேரலாம். அதற்குப் 'போட் மெயில்' என்று பெயர். மழை பொய்த்த ஆண்டுகளில் இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் பலர் மிதித்த கரை அது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், தேவாலயம் என்று முழு ஊராக இருந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவு அடித்த புயலில் எல்லாம் போயிற்று. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், ஊரை நெருங்கும் நேரத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலைக்குள் போனது. உடைந்த பாம்பன் பாலத்தை இளம் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீராக்கியது. தனுஷ்கோடிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

ஆனால் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படமெடுப்பவர்கள் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ஓலைக் குடிசைகள் தெரியும். இரு பக்கமும் உப்புக் கடல். நடுவில் மணல். அந்த மணலில் பெண்கள் ஊற்றுத் தோண்டி, ஊறும் தண்ணீரைக் கலங்காமல் சிரட்டையால் மோந்து குடத்தில் நிரப்புகிறார்கள். வாயில் விட்டால் உப்புக் கரிக்காது. குண்டாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலை தெரியும். இந்த இடத்தில் அது எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

வடகிழக்குப் பருவமழை மணலில் இறங்கித் தங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசானது. அதனால் பாலின் மேல் ஆடை போல, அடியிலிருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மோட்டார் போட்டு உறிஞ்சி மேல்மட்டம் 1 அடி இறங்கினால் கீழே போகும் காப்பு 40 அடி. குறுகலான மணல் திட்டில் அந்த ஆடை இன்னும் மெல்லிசு. சிரட்டை மோப்பதை அது தாங்கும். விடுதியும் உணவகமும் இறைப்பதைத் தாங்காது. ஒருமுறை உப்பேறினால் ஒரு மழையில் சரியாகிவிடும் என்று நம்ப இடமில்லை.

சுற்றுலா வந்ததால் அந்தக் குடும்பங்களுக்கு வருமானம் வந்திருக்கிறது. சங்கு, பாசி மாலை, பொரித்த மீன் விற்கும் கடைகள் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. அதைக் குறை சொல்லக் கூடாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. வண்டிக்குச் சாலை போட்ட வேகத்தில் மனிதனுக்குக் குடிநீரும் கழிப்பிடமும் வரவில்லை. வாழத் தகுதியற்றது என்ற பழைய அறிவிப்பு கரையோரக் குடும்பங்களை மட்டும் இன்னும் அழுத்துகிறது. சுற்றுலாவுக்கு வருபவர்களை அது தொடுவதே இல்லை.

2025இல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது நல்ல தொடக்கம். வலசை வரும் பறவைகள் இரை தேடும் சேற்றுப் பரப்பில் வண்டி இறக்குவதற்கு அது ஒரு கடிவாளம். அதே அக்கறை தண்ணீருக்கும் வேண்டும். முனையில் புதிய கட்டடம் எதற்கும் ஆழ்குழாய் அனுமதி தரக் கூடாது. கடைகளுக்கும் பயணிகளுக்கும் வேண்டிய தண்ணீரை ராமேசுவரத்திலிருந்து லாரியில் கொண்டுவரலாம். வேன்களையும் கார்களையும் ராமேசுவரத்திலேயே நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் முனைக்கு அனுப்பலாம். பேருந்துக் கட்டணத்தில் ஒரு பங்கைக் குடிசைப் பகுதியின் குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் ஒதுக்கலாம்.

அடுத்த அமாவாசைக்கு வேன் ஏறுபவர்கள் ஆளுக்கு ஒரு கேன் தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். காலி கேனையும் தின்பண்ட உறைகளையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். முனையில் இரு கடலின் நீரோட்டமும் மோதுவதால் சுழல் அதிகம். குளியலை அக்னி தீர்த்தத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. கரையில் ஊற்றுக் குழியைக் கண்டால் அதில் கால் கழுவாதீர்கள். அது ஒரு வீட்டின் குடிதண்ணீர்.