பதில் சொல்லாத படச் சாளரம்

2022 செப்டம்பர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையால் பெங்களூருவின் பெல்லந்தூர்ப் பக்கத்துச் சாலைகள் நீரில் மூழ்கியதை அங்கு வாழும் தமிழன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த மழைக் கணக்கைப் படமாக வரையும் வேலையை, அல்சூரில் வசிக்கும் என் தமக்கை மகள் மேற்கொண்டாள். கணிப்பொறி இரவெல்லாம் கணக்கிட்டது. விடியுமுன் படச் சாளரம் திறந்தது. ஆனால் வெறுமையாய் நின்றது. சுட்டியைச் சொடுக்கினாள், அசைவில்லை. 'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பைக் கண்டதும் நிரலையே வலிந்து நிறுத்திவிட்டாள். இரவின் உழைப்பு அத்தனையும் போயிற்று. நிரலோ சாகவில்லை, கணக்கில் ஆழ்ந்திருந்தது, அவ்வளவே.

அவள் கையாண்டது மேட்பிளாட்லிப். நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர், வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளைப் படமாகக் காணவேண்டி உருவாக்கி, 2003-இல் வெளியிட்ட பைத்தான் நூலகம் அது.

சாளரம் ஏன் உறைகிறது? ஒரே ஆள் நடத்தும் மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். அவர் உள்ளறையில் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தால், வாசலில் அழைப்பவருக்கு யார் மறுமொழி சொல்வார்? நிரலின் முதன்மை இழையும் அத்தகையதே. சுட்டியின் சொடுக்கு, விசையின் தட்டு, 'திரையை மறுபடி வரை' என்னும் வேண்டுகோள் யாவும் வரிசையில் காத்திருக்கும். அவற்றை ஏற்கும் சுழற்சி ஓடாவிடில் படம் தோன்றாது. விண்டோஸ் 5 விநாடி பார்க்கும். பிறகு சாளரம் உறைந்ததென்று முடிவு செய்துவிடும். அம்முடிவு அவசரமானதென்றே எனக்குப் படுகிறது.

ஆகவே, மூடுவதற்குமுன் பணி மேலாளரைத் திறந்து, செயலி மும்முரமாய் உழைக்கிறதா எனப் பாருங்கள். உழைக்கிறதென்றால் பெரும்பாலும் கணக்கு நடைபெறுகிறது, பொறுத்திருங்கள். செயலி சும்மாயிருந்து படமும் வெறுமையாயிருந்தால், நிரலின் இறுதியில் 'ஷோ' கட்டளை விடுபட்டதா என நோக்குக. அதுவே அச்சுழற்சியை ஓட்டுவது. கணக்கினிடையே படம் மாறவேண்டின் 'பாஸ்' கட்டளையை இடையிடையே இடுக. ஒவ்வொரு படிக்கும் சில நிமிடம் ஆகுமெனில் அதுவும் போதாது. கணக்கை வேறோர் இழைக்கு மாற்றி, வரைதலை மட்டும் முதன்மை இழைக்கே விடவேண்டும். இரண்டு இழைகளும் படத்தைத் தொட்டால் நிரல் குலைந்துபோகும்.

தமக்கை மகள் இப்போது கணக்கையும் படத்தையும் இரண்டு நிரல்களாகப் பிரித்துவிட்டாள். கணக்கிடும் நிரல் மணிக்கொருமுறை விடைகளைக் கோப்பில் எழுதிவைக்கிறது. காலையில் காப்பி குடித்தபின்னரே படம் வரையும் நிரலைத் திறக்கிறாள்.