கழுத்தில் வந்த கட்டி காசநோய்தானா?

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். புண் ஆறினால் நெறியும் அமிழ்ந்துவிடும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களிலும் உடலின் உள்ளேயும் காவல் நிலையங்களைப் போல அமைந்துள்ள நிணநீர்க் கணுக்களே இந்த நெறிகள். அங்குள்ள வெள்ளணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் புற்றுநோய்க்கு லிம்போமா என்று பெயர். 1832ஆம் ஆண்டில் இதன் ஒரு வகையை விவரித்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில மருத்துவரின் பெயரால், ஹாட்ஜ்கின் வகை, ஹாட்ஜ்கின் அல்லாத வகை என இதை இரண்டாகப் பிரிக்கின்றனர்.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒருவருக்குக் கழுத்தில் கட்டி வந்தால், பெரியவர்கள் அதைக் 'கண்டமாலை' என்பார்கள். மருத்துவரும் முதலில் காசநோயையே ஐயுறுவார். அது தவறன்று. நம் நாட்டில் கழுத்துக் கட்டிகளுக்குக் காசநோய் ஒரு முக்கியக் காரணமாகும். ஆனால் மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, உடல் மெலிவு ஆகிய அடையாளங்கள் இரு நோய்களுக்கும் பொதுவானவை. எனவே, சோதிக்காமல் ஊகத்தின் பேரில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை விழுங்கினால், லிம்போமா இருப்பவருக்கு அந்த ஆறு மாதமும் வீணாகிவிடும்.

வலியில்லாத, ரப்பர் போன்ற கட்டி மூன்று வாரங்களாகியும் கரையவில்லையா? சோதனை செய்யுமாறு கேளுங்கள். ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது முதற்படிதான். லிம்போமாவை உறுதி செய்யவும் வகை பிரிக்கவும் பெரும்பாலும் கணுவை முழுமையாக எடுத்துச் சோதிக்கும் பயாப்சி தேவைப்படும். இது சிறிய அறுவைதான். புண்ணின்மேல் கட்டும் துணி, நம் பக்கத்துச் சத்திரப்பட்டித் தறியில் நெய்ததாகக்கூட இருக்கலாம்! "கத்தி பட்டால் நோய் பரவும்" என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

ஹாட்ஜ்கின் வகை இளம் வயதினரையும் மிகுதியாகத் தாக்குகிறது. திருமணத்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் கழுத்துக் கட்டியை, "நாலு பேருக்குத் தெரிந்தால் சம்பந்தம் தட்டிப் போகுமே" என்று முக்காட்டுக்குள் மறைத்து வைக்கும் தாய்மார்களே! இது தொற்றுநோயன்று. தொடக்க நிலையில் முறையாகச் சிகிச்சை பெறும் ஹாட்ஜ்கின் நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் குணமடைகின்றனர். மறைப்பதால் இழக்கப்படுவது அந்த வாய்ப்பேயாகும். பிற்காலக் குழந்தைப்பேறு குறித்த கவலையையும் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் மனம் திறந்து பேசலாம்.

ஹாட்ஜ்கின் வகைக்குப் பொதுவாக நான்கு மருந்துகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். அவற்றுள் ஒன்றான வின்பிளாஸ்டின், நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. அதற்காக அந்த இலையை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு. ஹாட்ஜ்கின் அல்லாத வகைகளில் பலவற்றுக்கு, 1997இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தருகின்றனர். 2007 முதல் இந்தியாவிலேயே அதன் மாற்று தயாராவதால் செலவு குறைந்துள்ளது. சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். மெதுவாக வளரும் சில வகைகளுக்கோ, உடனே மருந்து தராமல் கவனித்து வருவதும் ஒரு சிகிச்சை முறைதான்.

முடி உதிரும், பிறகு முளைக்கும். அஞ்ச வேண்டியது காய்ச்சலுக்குத்தான். மருந்து ஏற்றிய பின் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ரமளானில் மருந்து ஏற்றிக்கொள்பவர் நோன்பைப் பற்றி வருந்த வேண்டாம். நோயாளி வேறு நாட்களில் நோற்கும் சலுகையைக் குர்ஆனே வழங்கியிருக்கிறது.

இரு ஊர்களிலும் உள்ள அரசு மருத்துவமனைகளில் முதலில் காட்டலாம். மேல் சிகிச்சைக்கு மதுரை பாலரெங்கபுரத்தில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னையில், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ள குடும்பம், அதைப் புறப்படும்போதே பையில் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பயாப்சி அறிக்கையோடு, திசுத் துண்டு பதிந்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். மறு பரிசோதனைக்கு அது தேவைப்படும்.