ஒலியைக் காக்கும் தொழில்

சிவகாசி வட்டாரத்துச் சிறுவர்க்கு ஒலியின் வன்மையை ஒருவர் விளக்க வேண்டுவதில்லை. அவர்கள் வெடியோசையினூடே வளர்பவர்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் ஒரு வெடியின் ஓசை 125 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்பது 1999-ஆம் ஆண்டில் நடுவணரசு வகுத்த விதி. டெசிபெல் என்பது ஒலியின் அளவைக் குறிக்கும் அலகு. ஆயினும், ஒலியைப் பெருக்குதல் வேறு. அதனைத் தெளிவுறச் சேர்ப்பித்தல் வேறு. பின்னதே ஒலிப்பொறியாளர் தொழிலாகும்.

கோயில் விழாவில் வில்லுப்பாட்டு நிகழுங்கால் ஒலிபெருக்கி திடீரென வீரிட்டு அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒலிபெருக்கியினின்று வரும் ஓசை மீண்டும் ஒலிவாங்கியிற் புகுந்து, மீண்டும் பெருக்கப்பட்டு, மீண்டும் அதனுள்ளேயே புகுகிறது. இச்சுழற்சியே அவ்வலறலுக்குக் காரணம். உடனே மைக்செட்டுக்கார இளைஞன் ஓடிவந்து ஒலிபெருக்கியின் முகத்தைத் திருப்பி வைப்பான். அவனை எவரும் ஏறிட்டும் பாரார். அவன் செய்ததோ ஒலிப்பொறியியலின் முதற்பாடம்.

அதனை முறையாகக் கற்கவும் இடமுண்டு. சென்னைத் தரமணியிலுள்ள அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் ஒலிப்பதிவுக் கலையைக் கற்பிக்கிறது. மின்னணுவியல் பயின்றோர் ஒலிபரப்புத் துறையை நாடலாம். சென்னையில் 1924-இல் ஆர்வலர் கழகமொன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938-இல் அங்கே அகில இந்திய வானொலி நிலையம் அமைந்தது. 1963-இல் திருநெல்வேலி நிலையம் எழுந்தது. இந்நிலையங்களில் பேசுவோரின் பெயர் நாடறியும். கண்ணாடித் தடுப்பின் அப்பால் அமர்ந்து ஒலியின் ஏற்றத்தாழ்வைச் சீர்செய்வோரை அறிந்தார் சிலரே.

தமிழாசிரியனாகிய எனக்கு இத்தொழிலின்மேல் தனியன்பு உண்டு. எழுத்தொலிகள் பிறக்கும் முறைக்கெனத் தொல்காப்பியர் பிறப்பியல் என்றோர் இயலையே வகுத்தார். அங்ஙனம் பிறந்த ஒலி ழகரமும் ளகரமும் மயங்காமல் கேட்போரைச் சென்றடைய வேண்டுமன்றோ?

இத்தொழிலின் தலையாய கருவி செவி. உட்செவியில் மெல்லிய மயிரிழைகளை உடைய உயிரணுக்கள் உள்ளன. பேரோசையால் அவை அழிந்தால் மீண்டும் தோன்றா. முதலில் கூரிய, மெல்லிய ஒலிகள் கேளாமற் போகும். பின்னர்ச் சொற்களும் மங்கும்.

என்னிடம் பயின்ற ஒருவன் ஒலிப்பதிவு கற்க விழைந்தான். ஒரு தீபாவளியன்று அருகில் வெடித்த வெடியால் இடச்செவியின் கூர்மையை இழந்தான். இன்று ஊர்விழாக்களுக்கு ஒலிபெருக்கி அமைக்கிறான். இருபுற ஒலியும் ஒத்திருக்கின்றனவா என்பதை மட்டும் தன் தம்பியை நிறுத்திக் கேட்டறிகிறான்.