தலையில் ஐம்பது கிலோ... வேலை ஜீரோ!

விடிகாலை நாலு மணிக்கு காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போயிருக்கீங்களா பாஸ்? ஏலம் முடிந்த கூடையைச் சும்மாடு மேல் ஏற்றிக்கொண்டு, 'வழி... வழி...' என்று ஓட்டமும் நடையுமாகப் போவார்கள் லோடுமேன்கள். அவர்களில் ஒருத்தரிடம் போய், "அண்ணே, பிசிக்ஸ் கணக்குப்படி இப்ப நீங்க செய்ற வேலை ஜீரோ!" என்று சொல்லிப் பாருங்கள். கூடையில் இருக்கும் வஞ்சிரம் உங்கள் முகத்துக்கு வரும்!

ஆனால், ப்ளஸ் ஒன் புத்தகம் சொல்வது அதைத்தான். வேலை என்பது விசை, இடப்பெயர்ச்சி, இரண்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தின் காஸ் மதிப்பு... மூன்றின் பெருக்கல். இதில் ஏதாவது ஒன்று ஜீரோ ஆனால், மொத்தமும் ஜீரோ.

கேஸ் 1: 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் சுவரை நாள் முழுக்கத் தள்ளுங்கள். வியர்வை ஆறாக ஓடும். சுவர் நகராது. இடப்பெயர்ச்சி இல்லை, வேலையும் இல்லை.

கேஸ் 2: நம்ம லோடுமேன். ஐம்பது கிலோ கூடையை ஒன்றரை மீட்டர் உயரம் தூக்கும்போது 735 ஜூல் வேலை செய்துவிட்டார். அப்புறம் சமதரையில் ஒரே வேகத்தில் நடக்கிறார். அவர் கூடையைத் தாங்குவது மேல்நோக்கி, கூடை போவது முன்நோக்கி. நடுவில் 90 டிகிரி. காஸ் 90 ஜீரோ!

கேஸ் 3: துறைமுக கிரேன். 20 டன் கன்டெய்னரைப் பத்து மீட்டர் தூக்கினால் 19.6 லட்சம் ஜூல். அதையே மெதுவாக இறக்கினால் மைனஸ் 19.6 லட்சம். கூட்டினால்? அதேதான்.

அப்புறம் ஏன் லோடுமேனுக்கு மூச்சு வாங்குகிறது? கூடையை மேஜை மேல் வைத்தால் மேஜை களைப்பதில்லையே! நம்ம தசை மேஜை மாதிரி இல்லை. சும்மா தாங்கிப் பிடிக்கக்கூட, உள்ளே இருக்கும் மயோசின் இழைகள் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டே இருக்கணும். ஒவ்வொரு பிடிக்கும் ஏடிபி செலவாகிறது. அந்தச் சக்தி கூடைக்குப் போகாமல் உடம்பிலேயே சூடாக மாறுகிறது. டிராஃபிக்கில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் கன்டெய்னர் லாரி மாதிரி. டீசல் எரியும், லோடு ஓர் அங்குலம் நகராது.

1829-ல் பிரெஞ்சுக்காரர் கோரியோலிஸ் 'வேலை'க்கு இந்த அர்த்தத்தைக் கொடுத்தது, எந்திரங்களை அளக்க. மனுஷனின் களைப்பை அளக்க இல்லை. 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது நம்ம சென்னைக் கடற்கரையில்தான். மே தினத்தின் கோரிக்கையே எட்டு மணி நேர வேலை. யாரும் ஜூலில் கணக்குக் கேட்கவில்லை!

ஆகவே மக்களே, பரீட்சையில் தைரியமாக 'ஜீரோ' என்று எழுதி மார்க் வாங்குங்கள். வீட்டுக்கு அரிசி மூட்டை தூக்கி வரும் அண்ணனிடம் மட்டும் அந்த ஃபார்முலாவைக் காட்டிக் கூலியைக் குறைக்காதீங்க!